.223-இல் 75 கிரெய்ன் போட்டால் துளை நீளமாக விழுகிறது. மான் வேட்டைக்கு இதே துப்பாக்கி போதுமா?

கேள்வி (டென்வர், கொலராடோ)

வணக்கம். போன வருடம் ஒரு பழைய .223 ரெமிங்டன் (தோட்டா வகை) போல்ட் ரைஃபிள் வாங்கினேன். 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) தோட்டா போட்டால் 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழும். தூரம் போகப் போக காற்று தள்ளுகிறது என்று சொன்னதற்கு, கனமான குண்டு போட்டுப் பாருங்கள் என்று சுடுதளத்தில் ஒருவர் சொன்னார். 75 கிரெய்ன் மேட்ச் (இலக்குப் போட்டிக்கான) தோட்டா இரண்டு பெட்டி வாங்கினேன்.

அதிலிருந்து ஒன்றும் சரியில்லை. ஐந்து சுட்டால் இரண்டு தாளிலேயே இல்லை. மற்ற மூன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒரு துளை வட்டமாகக்கூட இல்லை, புளியங்கொட்டையை வைத்து அழுத்தின மாதிரி நீளமாக இருக்கிறது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகுகளை இறுக்கினேன், குழலைச் சுத்தம் செய்தேன், இரண்டாவது பெட்டியையும் பிரித்துப் பார்த்தேன். எதிலும் மாற்றம் இல்லை.

இன்னொரு கேள்வி. வருகிற அக்டோபரில் முதல்முறையாக மியூல் மான் வேட்டைக்குப் போக ஆசை. அதிகபட்சம் 300 கஜம். இதையே சரிசெய்து கொண்டு போகலாமா? இல்லை .308, .30-06, 6.5 கிரீட்மோர் என்று ஆளுக்கொரு தோட்டா வகை சொல்கிறார்களே, அவற்றில் ஒன்றா? நான் ஒல்லியான ஆள், பெரிய உதை தாங்காது. மற்ற மாதங்களில் 500 கஜம் வரை இலக்கு சுடவும் வேண்டும்.

பதில் (வயோமிங்)

தம்பி, அந்த 75 கிரெய்னை முதலில் நிறுத்துங்கள். குண்டு நேராகப் போகாமல் உருண்டுகொண்டே போகிறது, அதனால்தான் துளை நீளமாக விழுகிறது. அப்படிப் போகும் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குண்டைச் சுழல வைக்க உங்கள் குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்களின் முறுக்கை, அதாவது ட்விஸ்ட்டை, அளந்து பாருங்கள். தோட்டா உள்ளே இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் சுத்தம் செய்யும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி, குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளுங்கள். கம்பியின் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். குழல் வாய்க்கு நேராகவும் ஒரு அடையாளம் வையுங்கள். மெதுவாகத் தள்ளினால் கம்பி சுழலும். கோடு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்போது கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

கேட்டவர்

அண்ணா, மூன்று தடவை அளந்தேன். மூன்றிலும் 30 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டுகிறது.

பதில் (வயோமிங்)

அப்படியென்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .223 ரைஃபிள்கள் பலவற்றில் இதுதான் இருக்கும். துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. அது 55 கிரெய்னுக்காகச் செய்யப்பட்டது.

கனம் என்று பேசுகிறோமே தவிர, உண்மையில் பார்க்க வேண்டியது நீளம். விட்டம் மாறாமல் கனம் கூட வேண்டுமென்றால் குண்டு நீளமாகத்தான் வேண்டும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சி போதாவிட்டால் பம்பரம் மாதிரி தலையாட்டிச் சாய்ந்துவிடும். 1879-இலேயே கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார், இன்றைக்கும் தோராயக் கணக்குக்கு அது உதவுகிறது. .223-இல் 69 கிரெய்னுக்கு 9 அங்குல முறுக்கு வேண்டும், 75, 77 கிரெய்னுக்கு 8 வேண்டும். உங்களுடையதில் 55-க்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கடையில் பெட்டியையும் பார்த்து வாங்குங்கள். 5.56 என்று போட்டிருந்தால் .223 துப்பாக்கியில் போட வேண்டாம். அதன் அழுத்தம் இதன் அறைக்குப் பொருந்தாது.

பதில் (கொலராடோ ஸ்பிரிங்ஸ்)

மான் விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் .223 கொண்டு மான் வேட்டை கூடவே கூடாது. பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது .24 அங்குலக் குண்டு விட்டம் வேண்டும். மானுக்கு 70 கிரெய்ன், எல்க்குக்கு (பெரிய மான் வகை) 85 கிரெய்ன், 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல், அதோடு பட்டதும் விரியும் குண்டு. சுடுதளத்து மேட்ச் குண்டு நிச்சயமாக விரியும் என்று நம்ப முடியாது. சில சமயம் ஊசி குத்தின மாதிரி துளைத்துப் போய்விடும், மான் அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து துடிக்கும். தாளுக்கு ஒரு தோட்டா, வேட்டைக்கு வேறு தோட்டா. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது, .308-இன் கூட்டையே (தோட்டாவின் உலோக உறை) கழுத்தை ஒடுக்கிச் செய்தது. உதை மிகக் குறைவு, 100 கிரெய்ன் மானுக்கு நன்றாகப் போதும். ஆனால் எல்க்குக்கு, சட்டம் அனுமதித்தாலும், நான் எடுத்துப் போக மாட்டேன். .30-06-க்கு வயது நூறுக்கு மேல். இந்த மலையில் இருக்கும் எல்லா விலங்குக்கும் அது போதும், ஆனால் உங்கள் தோளுக்கு வேண்டாம். 1952-இல் வந்த .308 அதைவிடக் குட்டையான கூடு, எந்தக் கடையிலும் கிடைக்கும்.

உங்கள் இரண்டு தேவைக்கும் நான் சொல்வது 6.5 கிரீட்மோர். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்தது, முதலில் இலக்குப் போட்டிக்காக. .308-இன் 168 கிரெய்ன் வினாடிக்கு 2650 அடி வேகத்தில் கிளம்பும், இதன் 140 கிரெய்ன் 2700 அடி. கிளம்பும்போது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இது ஒல்லியாக நீளமாக இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், 500 கஜத்தில் வேகமும் மிஞ்சும், காற்றுத் தள்ளலும் குறையும். நீளக் குண்டுக்கென்றே 8 அங்குல முறுக்கோடு குழல் வருகிறது, உங்களுக்கு இப்போது நடந்த கதை அதில் நடக்காது. குழல் மட்டும் .308-ஐவிடச் சீக்கிரம் தேயும்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். முதல் வருடம் .30-06 வாங்கி, 150 கஜத்தில் அசையாமல் நின்ற மானைத் தவறவிட்டேன். ஸ்கோப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு நண்பர் ஒருவர் எனக்குத் தெரியாமல் இடையிடையே போலித் தோட்டா போட்டுக் கொடுத்தார். வெறும் ‘டிக்’ சத்தத்துக்கே குழல் முனை இரண்டு விரல் அளவு கீழே குத்தியது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டே சுட்டிருக்கிறேன். தாங்கக்கூடிய உதையோடு இருநூறு தடவை சுட்டுப் பழகினவன், பெரிய தோட்டாவை இருபது தடவை சுட்டவனைவிட நன்றாகச் சுடுவான்.

பதில் (கோயம்புத்தூர்)

இங்கே நான் சுடுவது .22 மட்டும்தான், 50 மீட்டர். இந்தியாவில் வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு கதவு மூடிவிட்டது, அதனால் அதைப்பற்றிப் பேச மாட்டேன். பயிற்சிக்கு ஒரு .22-உம் வைத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தும் விரலும் மூச்சும் அதில்தான் படியும். அப்புறம், ஒரே நிறுவனத்தின் ஒரே தோட்டாவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் என் குழலில் துளைகள் சிதறி விழும். எது வாங்கினாலும் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

பதில் (டல்லாஸ்)

நீங்கள் ஹெச்-1பி விசாவில் இருந்தால் இதையும் கவனியுங்கள். கிரீன் கார்டு இல்லாமல் இப்படி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும்.

கேட்டவர்

கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது, கேட்டதற்கு நன்றி. வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டேன்.

6.5 கிரீட்மோரே வாங்கிவிட்டேன். வேட்டைக்கு 143 கிரெய்ன் விரியும் குண்டு, தாளுக்கு 140 கிரெய்ன் மேட்ச். நேற்று 100 கஜத்தில் இரண்டையும் சுட்டேன். துளை எல்லாம் வட்டம். ஆனால் வேட்டைக் குண்டு மேட்ச் குண்டைவிட ஒரு அங்குலம் கீழே விழுகிறது. ஸ்கோப்பை எதற்குச் சரிசெய்வது?

பதில் (வயோமிங்)

செப்டம்பர் முதல் வேட்டைக் குண்டுக்கு வைத்துவிடுங்கள் தம்பி, மான் முடிகிற வரை கை வைக்காதீர்கள். 200 கஜத்தில் நேராக வைத்தால் 300-இல் சுமார் 8 அங்குலம் இறங்கும். அதைக் கணக்கில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் 300 கஜத்தில் தாள் கட்டிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள். மிச்சமிருக்கும் 75 கிரெய்னை 8 அங்குல முறுக்கு இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள், அருமையான தோட்டா அது.