ஐரோப்பாவோட புது அகதிச் சட்டம்: பாதுகாப்பும் உரிமையும் ஒண்ணா நடக்குமா?

கொலோன்_குமரன்:
இங்க ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கிறேன். நேத்து கேன்டீன்ல ஐரோப்பிய யூனியனோட புது அகதி ஒப்பந்தம் பத்தி பேச்சு வந்து சண்டையாவே ஆயிடுச்சு, ஒருத்தன் பார்டரை இறுக்குனாதான் தாங்கும்ங்கறான், இன்னொருத்தி இது மனுஷனை அடைச்சு வைக்கிற சட்டம்ங்கறா, நான் நடுவுல உருளைக்கிழங்கைக் கிளறிட்டு உக்காந்திருந்தேன். 2024 மே-ல பாஸ் ஆச்சு, 2026 ஜூன்ல இருந்து அமல், அவ்ளோதான் தெரியும். யாராச்சும் விளக்குங்களேன்.

வக்கீல்_வண்டு:
வந்து இறங்குனதும் 7 நாளுக்குள்ள விரல்ரேகை, செக்யூரிட்டி, ஹெல்த் எல்லாம் பாத்துடணும். ரேகை எடுக்குற வயசு முன்னாடி 14, இப்ப 6. அதெல்லாம்கூட பரவால்ல. எனக்கு உறுத்துறது அந்த 20 சதவீதம்தான். எந்த நாட்டுக்காரங்க மனு 20 சதவீதமோ அதுக்குக் கீழயோதான் ஏத்துக்கப்படுதோ அவங்களை பார்டர்லயே வச்சு 12 வாரத்துல முடிப்பாங்க, காலு மண்ணுல இருந்தாலும் சட்டப்படி உள்ள வரலையாம்! சராசரி நாட்டுக்கு, அடி வாங்குனது ஆளு. நூத்துல 85 பேர் கேஸ் நிக்காதுன்னா மிச்ச 15 பேரும் அதே வரிசையில நிக்கணுமா? இலவச சட்ட ஆலோசனை உண்டுன்னு எழுதிருக்கு, ஏதோ ஒரு தீவுல அதுக்குள்ள ஆலோசனை சொல்ல ஆளு வந்து சேரணுமே.

பேர்லின்_பெரியவர்:
தம்பி, நான் 1985 தொடக்கத்தில கிழக்கு பேர்லின் ஷோனஃபெல்டில இறங்கி ரயிலேறி மேற்குக்கு வந்து அசூல், அதுதான் அகதி மனு, அடிச்சனான். அப்ப விரலடையாள மெஷின் ஒண்டும் இல்லை. எந்த நாடு கேஸைப் பாக்கவேணும் எண்டு சொல்லுற டப்ளின் ஒப்பந்தம் 97ல, யூரோடாக் எண்ட விரலடையாளப் பதிவு 2003ல, அதுக்குப் பிறகு விரல் எங்க முதல் பட்டதோ அங்கதான் கேஸ். பிரான்ஸில கலே துறைமுகத்தில பொடியள் சூடான இரும்பில விரல் நுனியைச் சுட்டுக்கொண்டவை, தெரியுமோ? பதியப் பயந்து ஒளியிறவனை எந்தப் பொலிஸ் கண்டுபிடிக்கும்.

ரூர்_ராஜா:
உரிமை பேசுறவங்க இங்க ஜோலிங்கன் ஊர்ல நடந்ததையும் பேசணும். 2024 ஆகஸ்ட்ல திருவிழால கத்திக்குத்து, 3 பேர் செத்தாங்க. குத்துன ஆளை டப்ளின்படி பல்கேரியாவுக்கு அனுப்பிருக்கணும்.

வக்கீல்_வண்டு:
ஏன் அனுப்பலன்னும் பாருங்க. கூட்டிட்டுப் போக வந்தப்ப ஆள் ரூம்ல இல்ல, 6 மாசக் கெடு ஓடிப்போச்சு. கோர்ட்டு எதுவும் தடுக்கலயே, ஆபீஸ் வேலைதான் நடக்கல. அதுக்காக கண்ண மூடிட்டு அனுப்பவும் முடியாது, பெல்ஜியம் ஒரு ஆப்கன்காரரை கிரீஸுக்கு அனுப்புச்சு, அங்க அவரு தெருவுல கெடந்தாரு, 2011ல ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் ரெண்டு நாட்டையும் குத்தம் சொல்லுச்சு. ஃபைல் சீக்கிரம் நகரணும், மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் பக்கத்துல இருக்கணும். இதுல எது பாதுகாப்பு எது உரிமைன்னு தனித்தனியா பிரிக்க எனக்குத் தெரியல.

ரூர்_ராஜா:
சரி, ஆனா ரிஜெக்ட் ஆனவன் நிஜமாவே திரும்பிப் போகணும், அதுல மழுப்பக்கூடாது.

கொலோன்_குமரன்:
நன்றி எல்லாருக்கும். பெரியவரே, உங்க கேஸ் முடிய எவ்ளோ நாளாச்சு?

பேர்லின்_பெரியவர்:
நாலு வருசம். விசாரிச்சது முக்கால் மணித்தியாலம்.