சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: எந்தக் காலிபர் வாங்கினீர்கள், அப்புறம் என்ன ஆயிற்று?

நானே தொடங்கி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் ஹேமரை, அதாவது சுத்தியை, கட்டைவிரலால் இழுத்துவிட்டுச் சுடும் ரிவால்வர் இது. காலிபர் என்றால் அதன் தோட்டா அளவு. சிங்கிள் ஆக்‌ஷன் வாங்கப் போகும்போது கைப்பிடி, பளபளப்பு, பேரல் நீளம் என்று துப்பாக்கியைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறோம். தோட்டாவைப் பற்றி யோசிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான். 1873-இல் அமெரிக்க ராணுவம் கோல்ட் ரிவால்வரை எடுத்துக்கொண்டது .45 கோல்ட் தோட்டாவோடு. அதனால் எனக்கும் அதுவேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இத்தனைக்கும் நான் வாங்கியது அசல் கோல்ட் கிடையாது, இத்தாலியில் செய்த நகல்.

சுடுவதற்கு அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 250 கிரெயின் ஈயக்குண்டு, அதாவது 16 கிராம். உதை கடுமையாக இருக்கும் என்று பயந்திருந்தேன். கலப்பையின் மேழி போல வளைந்த அந்தக் கைப்பிடி, சுட்டதும் உள்ளங்கைக்குள் உருண்டு மேலே எழும்புகிறது. அப்படி எழும்பும்போதே ஹேமர் கட்டைவிரலுக்கு வாகாக வந்து நிற்கும். அதை இழுக்க வேண்டியதுதான், அடுத்தது தயார். படிப்படியாக நான்கு க்ளிக். அந்தச் சத்தத்துக்காகவே இதை வாங்கலாம்.

இரண்டு மாதத்தில் உண்மை தெரிந்தது. பக்கத்து மேடையில் .38 சுடுகிறவர் இரண்டு பெட்டி தீர்க்கும் செலவில் எனக்கு ஒரு பெட்டிகூடச் சரியாக வராது. போதாததற்கு, வெடிமருந்து குறைவான மென்மையான தோட்டா போட்டால் காலி உறைகளின் ஒரு பக்கம் முழுக்கக் கரி. முதலில் சிலிண்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். .45 கோல்ட் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் தோட்டா. உச்ச வரம்பே சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. மருந்தை இன்னும் குறைத்தால் உறை விரிந்து சிலிண்டரின் அறைச் சுவரோடு ஒட்டாது, வாயு பின்னால் கசிந்து கரி படியும். ஆபத்தில்லை, அழுக்குதான்.

இப்போது இரண்டாவதாக ஒன்று வாங்க யோசிக்கிறேன். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

* * *

.357 மேக்னம் வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். அதில் சுட்டதில் பத்துக்கு ஒன்பது .38 ஸ்பெஷல்தான், மேக்னம் எப்போதாவது. கௌபாய் ஆக்‌ஷன் போட்டிகளில் பெரும்பாலானோர் கையில் லேசான .38 இருப்பது சும்மா இல்லை. வேகமாகச் சுடும்போது உதை குறைவாக இருந்தால் குறி சீக்கிரம் திரும்பி வருகிறது.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே அளவு ஃபிரேமில் செய்த .45-ஐவிட .357 கனமாக இருக்கும். பேரலிலும் சிலிண்டரிலும் ஓட்டை சிறியது, இரும்பு அதிகம், அவ்வளவுதான். .38 போட்டுச் சுட்டால் உதை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். ஒரு கோடை முழுக்க .38 மட்டுமே சுட்டுவிட்டு, ஒருநாள் மேக்னம் போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். தோட்டா முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. தோட்டா கோணல் என்று வேறொன்று போட்டேன், அதுவும் அதே இடத்தில் நின்றது. .38 உறை .357 உறையைவிட 3.4 மில்லிமீட்டர் குட்டை. குட்டை உறையின் வாய் முடியும் இடத்தில், அறைக்குள் கரியும் ஈயமும் மோதிரம் மாதிரி படிந்திருந்தது. பித்தளை பிரஷ், எண்ணெய், ஒரு மாலைப் பொழுது. அதற்குப் பிறகு .38 சுட்ட அன்றைக்கே அறைகளைத் தேய்த்துவிடுகிறேன்.

* * *

இரண்டு பேரும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டீர்களே. என்னுடையது .44-40.

எனக்கு முதலில் வந்தது 1873 வின்செஸ்டரின் நகல் ரைஃபிள். ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே பெல்ட், ஒரே தோட்டா என்ற வசதிக்காகவே அந்தக் காலத்தில் கோல்ட் நிறுவனமும் .44-40-இல் ரிவால்வர் செய்து விற்றது. .45 கோல்ட்டுக்கு அப்போது லீவர் ரைஃபிள், அதாவது விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் ரைஃபிள், கிடையாது. பழைய உறையின் விளிம்பு மிகச் சிறியது, ரைஃபிளின் கொக்கி பிடித்து இழுக்க ஒன்றும் இருக்காது. இன்று நாம் பார்க்கும் .45 கோல்ட் லீவர் ரைஃபிள்கள் எல்லாம் பிற்காலச் சரக்கு.

முதல் பதிவு போட்டவருடைய கரிப் பிரச்சினை இதில் கிடையாது. உறையின் வாய்ப்பகுதி மெல்லியது, கொஞ்சம் அழுத்தத்திலேயே விரிந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் அந்த மெல்லிய வாய்தான் வினையும். ரீலோடிங்கில், அதாவது காலி உறையில் நாமே மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்கையில், குண்டை உட்கார வைக்கும்போது ஒரு மயிரிழை கோணினால் போதும், உறை காகிதக் கப் மாதிரி மடங்கிவிடும். முதல் பெட்டியில் ஏழு உறை அப்படிப் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் மெழுகு தடவுகிறேன், நிதானமாகப் பிரஸ்ஸின் லீவரை இறக்குகிறேன். நாமே தோட்டா செய்யப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பெயர்களை நம்பாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். .44-40-இன் குண்டு .427 அங்குலம். .38 ஸ்பெஷலின் குண்டு .357. .38-40 என்று ஒன்று உண்டு, அது உண்மையில் .40. பின்னால் வரும் அந்த 40, பழைய கருமருந்தின் எடை, கிரெயினில். பெயர் வைத்தவர்கள் அளவுகோலை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள்.

* * *

தம்பி, காலிபர் பேசும் முன் சிலிண்டரில் எத்தனை போடுகிறாய் என்று சொல். பழைய வடிவத்து ரிவால்வரில் ஹேமர் இறங்கியிருந்தால் அதன் ஊசி நேராகப் பிரைமர்மேல், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடிமேல், உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, ஹேமரை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. காலி அறைமேல் வந்து நிற்கும். ஆறு அறை இருந்தாலும் கணக்கு ஐந்துதான். 1973 முதல் ரூகரின் நியூ மாடல்களில் டிரான்ஸ்ஃபர் பார், அதாவது விசையை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்தும் தகடு, இருப்பதால் அவற்றில் ஆறும் போடலாம்.

இனி காலிபர். .45 கோல்ட்டில் என்னைப் பயமுறுத்துவது உதை இல்லை, ஒரே மாதிரி தெரியும் தோட்டாக்கள்தான். ரூகர் பிளாக்ஹாக் மாதிரி தடித்த ஃபிரேமுக்கென்று பலத்த மருந்தோடு விற்கும் .45 கோல்ட் உண்டு. அதற்கும் சாதுவான தோட்டாவுக்கும் உறை நீளத்தில் வித்தியாசமே இல்லை, கோல்ட் நகலிலும் தடையில்லாமல் நுழையும். சென்ற வருடம் ஒருவர் பாசத்தோடு ஒரு கை நிறையத் தோட்டா கொடுத்தார், "வீட்டில் செய்தது, கொஞ்சம் காரம்" என்றார். எவ்வளவு காரம் என்று கேட்டால் சிரிக்கிறார். திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவருக்கு வருத்தம்தான். .357-இல் இந்தக் குழப்பம் வராது. மேக்னத்தை நீளமாகச் செய்ததே அது .38 அறைக்குள் போகக் கூடாது என்பதற்காக.

வருடத்துக்கு எத்தனை சுடுவாய்? இருநூறு என்றால் எந்தக் காலிபரும் சரி. ஐயாயிரம் என்றால் .357. நடுவில் என்றால் தோட்டா செய்யக் கற்றுக்கொள்.

* * *

அண்ணே, நீங்கள் கேட்ட கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்த வருடம் இதுவரை இரண்டாயிரத்து சொச்சம். .357 வாங்கியாகிவிட்டது, ஐந்தரை அங்குல பேரல். .45-ஐ விற்க மனம் வரவில்லை, அதற்காக ரீலோடிங் பிரஸ்ஸும் வந்துவிட்டது.

ஆனால் முதல் ஐம்பதைச் செய்து முடித்த இரவு தூக்கம் வரவில்லை. நடுவில் ஒரு போன் வந்தது, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேனா என்று சந்தேகம். .45 கோல்ட் உறை கருமருந்துக்காகச் செய்த பெரிய பாத்திரம். இன்றைய புகையில்லா மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, வெளியே இருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. மொத்தத் தோட்டாவையும் எடை போட்டேன். ஈயக்குண்டின் எடையே கிரெயின் கணக்கில் முன்னப்பின்ன இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் உறையிலிருந்து குண்டைக் கழற்றும், சுத்தியல் மாதிரியான புல்லர் ஒன்று வாங்கி, ஐம்பதையும் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி உடைத்தேன். குண்டு ஒரு கிண்ணத்தில், மருந்து ஒரு காகிதத்தில். முப்பது வரை எல்லாம் ஒரே அளவு. முப்பத்தொன்றாவதைக் கவிழ்த்தபோது காகிதத்தில் விழுந்த குவியல் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இருந்தது.

இப்போதெல்லாம் குண்டு வைக்கும் முன் ஐம்பது உறையையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். போன் அடுத்த அறையில்.