டேப்லெட் ஒரு பக்கம், அரும்பு ஒரு பக்கம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தளி டீச்சர்
ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்த்துப் பிரித்த மூன்று குழுவும் (அரும்புதான் தொடக்க நிலை) ஒரே அறையில், நம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மொட்டு, மலர் பிள்ளைகளிடம் டேப்லெட்டையும் என் பழைய போனையும் கொடுத்துத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, அரும்பு நாலு பேரோடு தரையில் உட்காருவேன். இருபது நிமிடம். சத்தமாக வாசித்தால் ஆப் கேட்டு நட்சத்திரம் போடும்.

மொட்டில் ஒரு பையன், வீட்டில் தெலுங்கு. ஒரே வாரத்தில் அவன் பெயரில் நட்சத்திரம் குவிந்துவிட்டது. எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவன் தலையே தூக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனவள் பார்த்தேன். போன் அவன் கையில். பின்னால் நின்று வாசிப்பது மூன்றாம் வகுப்புப் பெண். இவன் உதடு மட்டும் அசைகிறது.

அந்தக் கைதட்டல்தான் இன்னும் உறுத்துகிறது.

பென்னாகரம்_மலைப்பாதை
எனக்கு வேறு மாதிரி. "டீச்சர் கீழே உட்கார்ந்திருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது" என்று கறாராகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று 'ட', 'ப' குழப்பம் ஒருத்திக்கு அப்போதுதான் தெளிந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டு எழுந்தால், மூலையில் ஒரு குட்டி கறுத்துப்போன திரையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் எப்போது போனதோ! "ஏன்டா சொல்லல?" என்றேன். "நீங்கதான் கூப்பிடக் கூடாதுன்னீங்க."

ஊத்தங்கரை சார்
தளி டீச்சர், அதை ஏமாற்று என்று நினைத்தால் தப்பு. உதடு அசைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடச் சேர்ந்து வாசிப்பதும் வாசிப்புதான். தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் ஓசை முதலில் காதில் விழ வேண்டும்.

எனக்கு நடந்தது சின்னது. பாடப்புத்தக க்யூஆர் கோடைத் தட்டி வீடியோ ஓடவிட்டேன், அஞ்சாவது நிமிடம் பாதிப் பேர் ஜன்னலில். பார்ப்பது மட்டும் என்றால் அப்படித்தான். பிள்ளை ஒரு பதில் சொல்ல வேண்டும், அது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும். அப்போதுதான் நாம் பக்கத்தில் இல்லாமலே வேலை நடக்கும்.

அப்புறம், முதல் பத்து நாள் சின்னக் குழுப் பாடமே எடுக்காதீர்கள். எடுப்பது, வைப்பது, சத்தத்தைக் குறைப்பது, இதை மட்டும் பழக்குங்கள். "என்னிடம் வருமுன் பக்கத்தில் இரண்டு பேரைக் கேள்" என்று சொல்லி வையுங்கள். சார்ஜ் போனால் எடுக்க ஒரு கதை அட்டை பக்கத்திலேயே இருக்கட்டும். ஏற்கனவே ஒரு முறை சொல்லிக் கொடுத்ததை மட்டும் டேப்லெட்டில் கொடுங்கள், புதுப் பாடம் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒவ்வொருவரையும் ரெண்டே வரி நம் முன்னால் வாசிக்க வையுங்கள். நட்சத்திரத்தை நம்பி மொட்டிலிருந்து மலருக்கு மாற்றாதீர்கள்.

பென்னாகரம்_மலைப்பாதை
யாரும் யோசனை கேட்கவில்லையே சார். அட்டை விஷயம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பத்து நாளா? எங்கள் பக்கம் அறுவடை வந்தால் பத்து நாளில் பாதி வகுப்பே இருக்காது.

தளி டீச்சர்
சார் சொன்ன ரெண்டு வரியை நேற்று அவனை வாசிக்க வைத்தேன். முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. ரெண்டாவது வரிக்கு நிமிர்ந்து அந்தப் பெண்ணைத் தேடினான். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.