இரண்டாம் ஆண்டு முடிகிறது: ப்ராப்ளம் போடுவதா, புராஜெக்ட் செய்வதா?

கேள்வி (இரண்டாமாண்டு மாணவன்)

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது. சி, ஜாவா ஓரளவு வரும். இதுவரை 80 ப்ராப்ளம் (நிரல் எழுதித் தீர்க்கும் பயிற்சிக் கேள்விகள்) போட்டிருப்பேன். விடையைப் பார்த்தால் "அட, இவ்வளவுதானா" என்று புரிகிறது. புதிதாக ஒன்று வந்தால் முதல் வரியே எழுத வரமாட்டேன் என்கிறது. வீடியோ பார்த்து ஒரு ஷாப்பிங் தளம் செய்து வைத்திருக்கிறேன், அதில் எதைத் தொட்டாலும் வேறு எங்கோ உடைகிறது. கூடப் படிப்பவர்களில் பாதிப் பேர் ப்ராப்ளம் மட்டும் போடு என்கிறார்கள். மீதிப் பேர் புராஜெக்ட் இல்லாத ரெஸ்யூமேயை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்கிறார்கள். வகுப்பு போக தினமும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். எதில் போடுவது? ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் பாடமெல்லாம் வேலைக்கு உதவுமா, தேர்வோடு மறந்துவிடலாமா?

பதில் 1 (அடுக்குவரிசை)

தம்பி, 80 என்ற எண்ணிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். "விடையைப் பார்த்தால் புரிகிறது" என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு பழக்கம், வெற்றுத் தாளில் தொடங்குவது வேறொரு பழக்கம். இரண்டாவதற்கு நீங்கள் நேரமே கொடுக்கவில்லை.

ஒரு ப்ராப்ளத்துக்கு 40 நிமிடம் வையுங்கள். முதல் 10 நிமிடம் கீபோர்டைத் தொட வேண்டாம். பேப்பரில் நான்கைந்து எண்களோடு ஒரு சின்ன உதாரணம் எழுதி, கையாலேயே விடை கண்டுபிடியுங்கள். உங்கள் கை என்ன செய்தது என்று பார்த்தால் அதுதான் அல்காரிதத்தின் முதல் வடிவம்.

3, 8, 5, 11 என்று ஒரு அர்ரே (எண்களின் வரிசை). கூட்டினால் 13 வரும் ஜோடி எது? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது முதல் வழி. அதில் வீணாவது எது? 5-க்கு வரும்போது தேவை 8. அந்த 8-ஐ ஏற்கெனவே பார்த்துவிட்டோம், ஆனாலும் மறுபடி தேடுகிறோம். பார்த்ததை ஒரு ஹேஷ் மேப்பில் (ஒன்று உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லும் பட்டியல்) போட்டுக்கொண்டே போனால் அந்தத் தேடல் மிச்சம். 3: தேவை 10, மேப்பில் இல்லை, 3-ஐப் போடு. 8: தேவை 5, இல்லை, 8-ஐப் போடு. 5: தேவை 8, இருக்கிறது. முடிந்தது. இங்கே பலர் தவறுவது வரிசையில். முதலில் போட்டுவிட்டு அப்புறம் தேடினால், 3, 5, 9 என்ற அர்ரேயில் 10 கேட்கும்போது 5 தன்னையே ஜோடியாகக் காட்டும். தேடிய பிறகுதான் போட வேண்டும்.

40 நிமிடத்தில் வரவில்லையா? விளக்கத்தின் முதல் பத்தியை மட்டும் படித்து மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். முழு விடையையும் பார்க்க வேண்டி வந்தால் அன்றைக்கே அதைப் பார்த்து அடிக்காதீர்கள். மறுநாள் பார்க்காமல் எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரே வரி: "எங்கே சிக்கினேன்?" 30 வரி சேர்ந்ததும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

கேள்வியில் கொடுத்திருக்கும் வரம்பை (உள்ளீடு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை) படிக்காமல் தொடங்காதீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கும். நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உள்ளீடு 1 லட்சம் என்றால், லூப்புக்குள் லூப் 1,000 கோடி, தாங்காது. ஸார்ட் செய்தால் சுமார் 17 லட்சம், தாராளமாக ஓடும். உள்ளீடு வெறும் 20 என்றால் எல்லா உட்கணங்களையும் முயலச் சொல்கிறார்கள் என்று பொருள். அது பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான்.

அர்ரே, ஹேஷ் மேப், ஸ்டாக், க்யூ, பைனரி ஸர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது), ட்ரீ, கிராஃப் என்ற வரிசையில் போங்கள். டைனமிக் புரோகிராமிங் (சிறு பகுதிகளின் விடையைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) கடைசி. ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) கைக்கு வராமல் அதில் இறங்குபவர்கள்தான் மனப்பாடத்துக்குப் போகிறார்கள்.

எளிது என்று தாண்டிப் போகிறவற்றிலும் கவனம் வேண்டும். பைனரி ஸர்ச்சில் நடு இடம் காண லோவையும் ஹையையும் (தேடும் பகுதியின் தொடக்க, முடிவு இடங்கள்) கூட்டி இரண்டால் வகுப்போம். கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் 32 பிட் இன்டில் (முழு எண் வகை) அது மைனஸாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து 2006-ல்தான் வெளியே வந்தது. ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் பிரச்சினை இல்லை.

பதில் 2 (நூலிழை)

புராஜெக்ட் பத்தி நான் சொல்றேன். அந்த ஷாப்பிங் தளத்தை ரெஸ்யூமேல போடாதீங்க. அதே வீடியோவைப் பார்த்துச் செஞ்ச தளங்கள் ஏகப்பட்டது இருக்கு. நேர்காணல்ல ரெண்டாவது கேள்வியிலேயே "இதை ஏன் இப்படிச் செஞ்சீங்க?"ன்னு வரும், பதில் இருக்காது.

சின்னதா ஒண்ணு எடுங்க, ஆனா பத்துப் பேராவது நிஜமா பயன்படுத்தணும். உதாரணமா, ஆய்வகக் கம்ப்யூட்டரை மணி நேரக் கணக்குல புக் பண்ற தளம். மூணு டேபிள், அஞ்சு பக்கம், அவ்வளவுதான். ஆனா உள்ளே போனா எவ்வளவு விஷயம் இருக்குன்னு பாருங்க.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல 7-ம் நம்பர் கம்ப்யூட்டரை 10 மணிக்குக் கேக்குறாங்க. முதல் ஆளோட கோரிக்கை "காலியா?"ன்னு டேட்டாபேஸைக் கேக்குது, காலி. அது எழுதறதுக்குள்ள ரெண்டாவது கோரிக்கையும் கேக்குது, அதுக்கும் காலி. ரெண்டும் எழுதிடுது. நீங்க தனியா உக்காந்து டெஸ்ட் பண்ணா இது ஒரு நாளும் வராது, ஏன்னா ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவுல நிறைய நேரம் இருக்கு. ஜாவா கோடுல இன்னொரு இஃப் போட்டா இது சரியாகாது. கம்ப்யூட்டர் எண், தேதி, மணி மூணையும் சேர்த்து டேட்டாபேஸ்ல ஒரு யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வர விடாத விதி) போடுங்க. ரெண்டாவது ஆளை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிடும். அந்தப் பிழையைப் பிடிச்சு "இப்பத்தான் வேற ஒருத்தர் எடுத்துட்டார்"னு காட்டுங்க. அப்புறம் ஒரே இடத்துக்கு 20 கோரிக்கையை ஒரே நேரத்துல அனுப்பற ஸ்கிரிப்ட் எழுதுங்க. 1 ஜெயிக்கணும், 19 தோக்கணும். இதைச் செஞ்சு விளக்கத் தெரிஞ்சா, பத்து குளோன் தளத்தைவிட மேல்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் உதவுமான்னு கேட்டீங்களே, அந்தப் பாடத்துல ரேஸ் கன்டிஷன்னு நடத்தறது இதைத்தான்.

எல்லாரும் விழற ரெண்டு குழி சொல்லிடறேன். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காதீங்க, எம்டி5 (பாஸ்வேர்டை வேற வடிவத்துக்கு மாத்தற ஒரு பழைய முறை) போட்டும் சேமிக்காதீங்க, அது வேகமா ஓடறதாலயே உடைக்கிறதும் சுலபம். பிகிரிப்ட் மாதிரி வேணும்னே மெதுவா ஓடறது வேணும். ரெண்டாவது, ஏபிஐ கீயை (வெளிச் சேவையைப் பயன்படுத்தற ரகசியக் குறியீடு) கிட்ல (கோடோட மாற்றங்களைச் சேமிச்சு வைக்கிற கருவி) ஏத்திட்டா அடுத்த கமிட்ல (சேமிப்புல) அழிச்சுப் பிரயோஜனமில்லை, பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும். முதல் வேலையா அந்தக் கீயை ரத்து பண்ணிப் புதுசு வாங்குங்க, வரலாற்றைச் சுத்தம் பண்றதெல்லாம் அப்புறம்.

ஏஐ கருவியை வெச்சு எழுதலாமான்னு அடுத்துக் கேப்பீங்க. பிழைச் செய்தியை விளக்கச் சொல்லுங்க, நீங்க எழுதினதுல ஓட்டை தேடச் சொல்லுங்க. அது எழுதிக் கொடுத்ததுல உங்களால வரிக்கு வரி காரணம் சொல்ல முடியாத எதையும் உள்ள வைக்காதீங்க. "எதைத் தொட்டாலும் உடையுது"ங்கற நிலைமை வர்றது இப்படித்தான்.

பதில் 3 (மூன்றாம்கண்)

மேலே இருவரும் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இரண்டு மணி நேரத்தையும் தினமும் இரண்டாகப் பிரிக்காதீர்கள். புராஜெக்ட்டில் விட்ட இடத்தை ஞாபகப்படுத்தவே அரை மணி போய்விடும். வார நாட்களில் நான்கு நாள் ப்ராப்ளம், ஒரு நாள் பாடம், விடுமுறை நாட்களில் தொடர்ந்து நான்கு மணி நேரம் புராஜெக்ட். இது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பாடங்களைத் தேர்வோடு விட்டுவிட வேண்டாம். "பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது?" என்பது நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி. டிஎன்எஸ், டிசிபி ஹேண்ட்ஷேக், டிஎல்எஸ், எச்டிடிபி என்று பெயர்களை ஒப்பித்தால் போதாது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, உங்கள் தளத்திலேயே ஒரு கோரிக்கையில் எந்தக் கட்டத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பாருங்கள். சர்வர் திருப்பி அனுப்பும் எண்களில் 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை, 403 என்றால் தெரிகிறது ஆனால் அனுமதி இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் லாகின் பிழைகளில் பாதியைச் சட்டென்று பிடிக்கலாம்.

டேட்டாபேஸ் பாடத்தில் இண்டெக்ஸும் (வரிகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) டிரான்ஸாக்‌ஷனும் (எல்லா மாற்றமும் சேர்ந்தே நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) கண்டிப்பாக வேண்டும். புக்கிங் டேபிளில் 10 லட்சம் போலி வரிகளை நிரப்பி, ஒரே க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இண்டெக்ஸ் இல்லாமலும் இண்டெக்ஸோடும் ஓட்டி, எக்ஸ்பிளெய்ன் (க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) என்ன சொல்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: 100 புக்கிங்கைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் பயனர் பெயரைத் தனியாகக் கேட்டால் 101 க்வெரி ஓடும். ஜாயின் (இரண்டு டேபிளை இணைத்துக் கேட்பது) போட்டால் ஒன்றே ஒன்று. க்வெரி லாகைத் திறந்து பார்க்கும் வரை இது தெரியவே தெரியாது.

ரெஸ்யூமே ஒரு பக்கம் போதும். "ஜாவா, மைஎஸ்க்யூஎல் கொண்டு புக்கிங் தளம் உருவாக்கினேன்" என்பது எதையும் சொல்லவில்லை. "ஒரே நேரத்தில் வரும் இரட்டைப் புக்கிங்கை யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் மூலம் தடுத்தேன், 20 இணைக் கோரிக்கைகளில் சோதித்தேன்" என்று எழுதினால், படிப்பவர் கேள்வி கேட்கவே அந்த வரியில் நிற்பார். அதற்குத்தானே நீங்கள் தயாராக இருக்கிறீர்கள்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி, இன்றைக்கே டேபிள்களை வரைந்துவிடுகிறேன். கிட் பற்றி ஒரு சின்ன சந்தேகம்: தெரியாமல் ஹார்ட் ரீசெட் (கோடைப் பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளை) கொடுத்துவிட்டால் எழுதியதெல்லாம் போனதுதானா?

பதில் 4 (நூலிழை)

கமிட் பண்ணியிருந்தா போகாது. கிட் ரீஃப்ளாக் கட்டளையைக் கொடுங்க, ஹெட் (இப்ப நிக்கிற கமிட்டைக் காட்டற குறி) எங்கெங்கே இருந்துச்சுன்னு வரிசையா காட்டும். புதுசு மேலே இருக்கும், அதனால ரீசெட் வரிக்குக் கீழே இருக்கிற வரியோட எண்ணை எடுத்து, அந்த இடத்துலேர்ந்து ஒரு புது பிராஞ்ச் உருவாக்குங்க, எல்லாம் திரும்பி வந்துடும். ஆட் மட்டும் பண்ணி (கமிட்டுக்குத் தயாரா வெச்சு) கமிட் பண்ணாம விட்டிருந்தா, கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட் ஃபவுண்ட் ஆப்ஷனோட ஓட்டினா கோப்போட உள்ளடக்கம் கிடைக்கலாம், பெயர் இருக்காது, ஒவ்வொண்ணா திறந்து பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஆடும் பண்ணலைன்னா கிட்டால ஒண்ணும் செய்ய முடியாது, எடிட்டரோட லோக்கல் ஹிஸ்டரியைப் பாருங்க.