பழைய பான்டூன் படகின் அலுமினிய மிதவைகளை மெருகேற்ற வழி கேட்கிறேன்

வணக்கம். பல ஆண்டுகள் நன்னீரில் மிதந்த பான்டூன் படகு (உருளை வடிவ மிதவைகளின் மேல் தட்டையான தளம் கொண்ட படகு) ஒன்றை அண்மையில் வாங்கினேன். அதன் இரு அலுமினிய மிதவைகளிலும் நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்புப் படிவும் சாம்பல் நிற ஆக்சைடு படலமும் இறுகிப் போயிருக்கின்றன. அழுத்தமாக நீரைப் பீய்ச்சியதில் பாசி மட்டுமே போயிற்று. எஃகுக் கம்பித் தூரிகையை நான் தொடவில்லை, ஏனெனில் அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து அரிப்பைத் தொடங்கிவிடும். வினிகரை ஓர் ஓரத்தில் தேய்த்தபோது கறை சற்று மங்கியது, ஆனால் முழுதும் அகலவில்லை. ஆக்சாலிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் ஆகியவற்றுள் எது வெல்டிங் செய்த இணைப்புகளைக் கெடுக்காமல் கறையை நீக்கும்? ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்த கரைசல்கள் தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை பாதிக்கும் என்பதால், அவை வேண்டவே வேண்டாம். மெருகேற்றிய பின் மெழுகு பூசினால் பளபளப்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதையும், இவ்வேலையைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.