நிக்கல் நுரை நேர்மின்வாயில் மின்னழுத்தம் தானாகக் குறைவது ஏன்?

கேள்வி (முதுகலை வேதியியல் மாணவி):
இரிடியம், பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இல்லாமல் நீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் தயாரிப்பதே எனது திட்டப்பணி. 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், எதுவும் பூசப்படாத நிக்கல் நுரையை (நுண்துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) ஆக்ஸிஜன் வெளியேறும் நேர்மின்வாயாக வைத்து, மாறாத மின்னோட்டத்தில் இயக்கி வருகிறேன். நேரம் செல்லச் செல்லத் தேவைப்படும் மின்னழுத்தம் குறைகிறது. நிக்கலின் மேற்பரப்பு தானே மேம்படுகிறது என்று அறிக்கையில் எழுதலாமா? இந்தக் குறைவால் மின்செலவில் சொல்லத்தக்க மிச்சம் உண்டா?

மறுமொழி 1:
எழுதுவதற்கு முன் கரைசலைச் சந்தேகியுங்கள். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு மாசாகக் கலந்திருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை ஈர்த்துக்கொள்ளும். சிறிதளவு இரும்பே நிக்கல் மின்வாயில் ஆக்ஸிஜன் வெளியேறுவதை வெகுவாக எளிதாக்குகிறது என்பதை டென்னிஸ் காரிகன் என்ற ஆய்வாளர் 1987இலேயே காட்டிவிட்டார். இரும்பை நீக்கிய கரைசலில் நிக்கலின் திறன் மிகவும் குறைந்துவிடுவதை ஓரிகன் பல்கலைக்கழகத்தின் போட்சர் குழு 2014இல் உறுதிப்படுத்தியது. தூய நிக்கல் உப்பிலிருந்து ஹைட்ராக்சைடு வீழ்படிவைத் தயாரித்து, நன்கு கழுவி, உங்கள் கரைசலில் இட்டுக் குலுக்கிப் பிரித்தெடுத்தால் இரும்பு வீழ்படிவோடு போய்விடும். அக்கரைசலைப் பிளாஸ்டிக் கலனில் வையுங்கள். கண்ணாடியைக் காரம் அரிக்கும்போது இரும்பு மீண்டும் கலக்கக்கூடும். அதன்பின் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்; மின்னழுத்தம் முன்போல் குறையாவிட்டால், காரணம் நிக்கல் அன்று, இரும்பே.

மறுமொழி 2:
செலவைப் பற்றி: ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு, மின்கலத்தின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 26.6 யூனிட் மின்சாரம் தேவை. எனவே 1.8 வோல்ட்டில் இயங்கும் கலம் ஏறத்தாழ 48 யூனிட் எடுக்கும், 0.1 வோல்ட் குறைத்தால் 2.7 யூனிட் மிச்சம். ஹைட்ரஜனின் அடக்கவிலையில் மின்சாரத்தின் பங்கே பெரிது என்பதால் இது சிறிய தொகையன்று. ஆனால் ஒரு மின்வாயின் மின்னழுத்தத்தை மட்டும் தனியே அளக்கும் மூன்று மின்வாய்ச் சோதனையில், கரைசலின் மின்தடையைக் கணக்கில் கழித்துப் பெற்ற எண்ணை முழுக் கலத்தின் மிச்சமாகக் காட்டிவிடாதீர்கள். பலர் செய்வது அதுதான்.

மறுமொழி 3:
அடுத்து ஹைட்ரஜன் பக்கத்தில் நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியைச் சோதிப்பதாக இருந்தால், மின்சுற்றை நிறைவுசெய்யும் துணை மின்வாயாகப் பிளாட்டினம் வைக்க வேண்டாம். அது கரைந்து உங்கள் மலிவான வினையூக்கியின்மேல் படிந்து, தன் திறனை அதன் திறனாகக் காட்டிவிடும். கிராஃபைட் கோல் போதும். மின்னோட்டத்தை அடிக்கடி நிறுத்தி இயக்கியும் பாருங்கள். ஆலைகளில் 70–80 பாகைச் சூட்டில், ஏறத்தாழ 30 விழுக்காட்டுக் காரத்தில் இயங்கும் கலங்களை நிறுத்தும்போது, பின்னோக்கிப் பாயும் மின்னோட்டம் எதிர்மின்வாயை ஆக்ஸிஜனேற்றிச் சிதைக்கிறது. சூரிய மின்சாரத்தை நம்பும் ஆலையில் இது அன்றாடம் நிகழும்.