தீர்ப்புக்குப் பிறகு தெரிந்த சொத்தை அப்பீலில் காட்டலாமா?

கானாடுகாத்தான்_அண்ணன்:
தங்கைக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அதில் வருத்தமில்லை, ஜீவனாம்சம்தான் பிரச்சினை. காரைக்குடியில் சொந்தமாக வட்டிக்கடை நடத்திய மாப்பிள்ளை, தன் அண்ணன் கடையில் கணக்கு எழுதுகிறேன், 18,000 சம்பளம் என்று சொல்ல, குடும்ப நீதிமன்றம் தங்கைக்கும் பிள்ளைக்கும் சேர்த்து 6,000 போட்டிருக்கிறது. தீர்ப்பு வந்த பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், நோட்டீஸ் வாங்கிய அடுத்த மாதமே இரண்டு மனையைத் தன் அம்மா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைத்திருக்கிறார்! உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் போடும்போது இதைப் புதிதாகக் காட்டலாமா? பங்காளிகளுக்குப் பொதுவான அவர்களுடைய பூர்வீகப் பங்கு வீட்டையும் சேர்க்கலாமா? கல்யாணத்தில் நாங்கள் வைத்த வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கேதான் பூட்டிக் கிடக்கிறது.

கறுப்புக்கோட்டு:
காட்டலாம், ஆனால் தானாக ஏற்க மாட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41 விதி 27-இல் கூடுதல் சாட்சிய மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது, வில்லங்கம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, விசாரணையின்போது ஏன் பார்க்கவில்லை என்பதுதான், அதற்குப் பதிலை இப்போதே தயார் செய்யுங்கள். கீழ்க்கோர்ட்டில் அவர் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் போட்டாரா? ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. போட்டு, அதில் மனையை மறைத்திருந்தால் உங்கள் கை ஓங்கும், பொய்ச் சத்தியத்துக்குத் தனி நடவடிக்கையே கேட்கலாம். போடவே இல்லை என்றால் அதையே அப்பீலில் முதல் காரணமாக எழுதுங்கள். காசு வாங்காமல் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மனை மீதும் ஜீவனாம்ச உரிமை தொடரும் என்று வாதாட, சொத்து மாற்றுச் சட்டம் 39-ஆம் பிரிவும் இருக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி:
தம்பி, எங்கள் வீட்டு வழக்கிலும் இதே கதைதான், கடை ஒரே வாரத்தில் கொழுந்தன் பெயருக்குப் போனது. சம்பளச் சீட்டை வைத்துச் சண்டை போட்டு ஒன்றும் ஆகவில்லை, அவர்களே எழுதுகிற சீட்டுதானே அது. அசைத்தது செலவுக் கணக்குதான்: பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம், காருக்கான தவணை, எல்ஐசி பிரீமியம். சீட்டில் குறைந்த சம்பளம் காட்டியவர் மாதம் 40,000 எப்படிக் கட்டினார் என்று கேட்டால் பதில் இல்லை. வெள்ளிக்கு மொய்ப்பண ஏடு, சாமான் எழுதிய பட்டியல், கல்யாணத்தில் சாமானைப் பரப்பி வைத்தபோது எடுத்த போட்டோ இருக்கும் பாருங்கள், எதையும் தொலைத்துவிடாதீர்கள். சீதனம் பெண்ணுடைய சொத்து, அதை ஜீவனாம்சத்தோடு குழப்பாமல் தனியாகக் கேளுங்கள்.

கண்டனூர்_பெருசு:
பங்கு வீட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எட்டுக் கட்டு வீடு என்றதும் கோடி கோடியாகத் தெரியும், ஆனால் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் சென்னை, மலேசியா, ஓடு மாற்றக்கூடக் கையெழுத்து சேராது. வாடகையும் வராது. இவர் பங்கு இவ்வளவு என்று சொத்துப் பட்டியலில் காட்டச் சொல்லுங்கள், சரி, ஆனால் அதையே பெரிய சொத்தாக வைத்து வாதாடினால் நீதிபதி பார்வையில் நீங்கள்தான் பேராசைக்காரர். அவர் வருமானம் வட்டியில் இருக்கிறது. பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்_அண்ணன்:
நன்றி அய்யா, ஆச்சி. பிரமாணப் பத்திரம் போட்டிருக்கிறார், மனை அதில் இல்லை. இப்போதுதான் நகல் வாங்கிப் பார்த்தேன். அப்பீலுக்கு 90 நாள் என்று ஒருவர் சொன்னார், சரியா?

கறுப்புக்கோட்டு:
இந்து திருமணச் சட்டத்தில் 90, குடும்ப நீதிமன்றச் சட்டம் 19-ஆம் பிரிவில் 30. இதில் கோர்ட்டுகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, நீங்கள் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரைக்கும் உள்ள நாட்கள் கணக்கில் கழியும், அதனால் இன்னும் போடவில்லை என்றால் திங்கட்கிழமையே போடுங்கள்.